லூர்தம்மாள் காம்பவுண்டின் விளக்குமாறு

சாம்பல் புதன் கழிந்து, வெயில் திண்டுக்கல் மலையை வறுக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், லூர்தம்மாள் காம்பவுண்டின் பொது விளக்குமாறு யாரும் தொடாமல் தானாக எழுந்து, முற்றத்தைக் கடந்து, கனகவல்லி வீட்டு வாசலில் போய் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்த எட்டு வீட்டுக்காரர்களும் முதலில் கேட்டது அது எப்படி நிற்கிறது என்பதல்ல, இந்த வாரம் முறை கனகவல்லிக்கு இல்லையே என்பதைத்தான்.

முறைவாசல் என்பது அந்தக் காம்பவுண்டில் சட்டம், வேதம், இரண்டுமாக இருந்தது. வாரத்துக்கு ஒரு வீடு. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுக்காரி விடிவதற்குள் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, காம்பவுண்டுக் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கக்கூஸ்களையும் கழுவி, வெளிக்கதவைத் திறந்து சாத்தி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்குமாற்றைப் பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்த்து, "முறை வந்துருச்சு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவாள். லூர்தம்மாள் செத்து, அவள் பிள்ளைகள் காம்பவுண்டு யாருக்கு என்று கோர்ட்டில் நின்றுகொண்டிருந்ததால், ஒழுகினாலும் இடிந்தாலும் கேட்க நாதியில்லாத அந்த இடத்தில் ஆட்சி என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த விளக்குமாறுதான்.

அதை முதலில் தூக்கப் பார்த்தது செசிலி, ஏனென்றால் அந்த வாரம் முறை அவளுடையது, மேலும் அவளுக்குப் பொறுமை கிடையாது. ஒற்றைக் கையால் இழுத்தாள், இரண்டு கையால் இழுத்தாள், காலால் சுவரை மிதித்துக்கொண்டு இழுத்தாள். தென்னங்குச்சியும் ஒரு மூங்கில் கம்பும் சேர்ந்த அந்தப் பொருள் அஸ்திவாரம் போட்டதுபோல நின்றது. கனகவல்லி கதவைத் திறந்துகொண்டு வந்து இரண்டு விரலால் எடுத்தாள்.

"நான் பெருக்கிக்கிறேங்க்கா. நீங்க போய் மாமாவைப் பாருங்க."

"என் முறைடி."

"இருக்கட்டும். இது இங்கல்ல வந்துருக்கு."

கனகவல்லி புருஷனை இழந்தவள், வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் பேசாதவள், ஊறுகாய்க் கம்பெனியில் மிளகாய் கிள்ளுகிறவள். அவள் பெருக்கிய காலத்தில் முற்றம் துடைத்த தட்டுபோல் இருந்தது. அவளாக எதுவும் உத்தரவு போடவில்லை. ஆனால் தண்ணீர் லாரி வந்தால் யார் முதலில் பிடிப்பது என்று அவளிடம் கேட்கத் தொடங்கினார்கள், அவள் ஒரு வார்த்தை சொல்வாள், அது நியாயமாக இருக்கும், குடங்கள் நகரும். விளக்குமாறு நின்ற வீடு சொல்வதுதான் சொல் என்று யாரும் முடிவு செய்யவில்லை, தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல அப்படி ஆகிப்போனது.

செசிலிக்கு அதில் மனக்குறை இல்லை. அவளுடைய கவலை முழுவதும் புருஷனுடைய மூத்திரப் பையில் இருந்தது. இன்னாசிமுத்து பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், பேருந்துகளையே நேரத்துக்கு அனுப்பியவர். ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய சொந்த நேரம் அவர் கையில் இல்லை. "வந்தா உடனே போயிரணும், ஒரு நிமிஷம் அடக்கக் கூடாது, அடக்கினா அடுத்தது கிட்னிதான்," என்று டாக்டர் செசிலியைப் பார்த்துச் சொல்லியிருந்தார், ஆண்களிடம் சொன்னால் பயனில்லை என்று தெரிந்த டாக்டர். ஆகவே நாளெல்லாம் இன்னாசிமுத்து தோளில் துண்டோடு வீட்டிலிருந்து கக்கூஸுக்கும் கக்கூஸிலிருந்து வீட்டுக்குமாக முற்றத்தை அளந்துகொண்டிருந்தார். கனகவல்லி வேப்ப மர நிழலில், சரியாகப் பாதி வழியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

கெட்டது எங்கே ஆரம்பித்தது என்றால், பாராட்டில். கனகவல்லி பெருக்குவதைப் பார்க்க ஆட்கள் காபி தம்ளரோடு வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். அந்தோணியார் திருவிழாவுக்கு அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வையை அவள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள், ஆனால் சால்வையைப் பார்த்த கண்கள் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையில் விளக்குமாறு ஹவில்தார் வேலுச்சாமி வீட்டு வாசலில் அட்டென்ஷனில் நின்றது.

அன்றைக்குத்தான் செசிலிக்கு சிஸ்டர் பெர்னதெத் ஞாபகம் வந்தார். கான்வென்டில் குடிமையியல் எடுத்த சிஸ்டர், வெயிலில் ரோஜா நிறமாகிப்போகும் மூக்கு உள்ளவர், ஒரு மத்தியானம் கரும்பலகையில் இறங்கு படிக்கட்டு ஒன்றை வரைந்து, கிரேக்க தேசத்தில் பழைய காலத்துத் தாடிக்காரர் ஒருவர் சொன்னது என்று சொன்னார்: மேல் படியில் நல்லவர்கள் ஆளுவார்கள்; அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நல்லது வேண்டாம், நல்ல பேர் வேண்டும்; பேர் சம்பாதித்தவனுடைய பிள்ளைக்குப் பேர் சோறு போடாது என்று தெரிந்து பணப்பெட்டியைப் பிடித்துக்கொள்வான்; பெட்டி இல்லாதவர்கள் ஒரு நாள் எழுந்து எல்லாரும் ஒன்று என்பார்கள்; எல்லாரும் ஒன்று என்கிற அந்தச் சத்தத்தில் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டே வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். அது கடைசிப் படி. "அதுக்குக் கீழ என்ன சிஸ்டர்?" என்று கேட்டவள் செசிலி. "அதுக்குக் கீழ படி இல்ல. உட்கார்," என்றார் சிஸ்டர், மணி அடித்துவிட்டது.

"படிக்கட்டு இறங்குதுங்க," என்று புருஷனிடம் சொன்னாள்.

"எந்தப் படிக்கட்டு? நம்ம வீட்டுல ஏதும்மா படிக்கட்டு," என்றார் அவர், துண்டை எடுத்துக்கொண்டு.

வேலுச்சாமியைக் குறை சொல்ல முடியாது. விசில் ஊதிப் பெருக்கினார், குப்பையை வரிசையாக நிற்கவைத்து அள்ளினார், கக்கூஸ் கதவில் தன் பேரையும் படைப்பிரிவையும் வெள்ளைப் பெயின்டில் எழுதினார். பாதி வழி நாற்காலி பார்வைக்கு ஒழுங்காக இல்லை என்று எடுத்துவிட்டார். "நடங்க சார், நடந்தாத்தான் உடம்பு," என்றார். தன் பேரைத் தானே நின்று பார்க்கிற நேரம் கூடிக்கூடி, பெருக்குகிற நேரம் குறைந்து, ஒரு நாள் குடம் இடிபட்ட தகராறில் முன்வீட்டு பாக்கியநாதன், "உன் பேரை எழுதின பெயின்டு என் கடையில வாங்கினது, ஞாபகம் வச்சுக்க," என்று சொன்ன மறுநாள் விளக்குமாறு பாக்கியநாதன் வாசலுக்குப் போயிற்று.

காம்பவுண்டில் சொந்தமாகத் தண்ணீர் மோட்டார் வைத்திருந்தவை முன்பக்கத்து இரண்டு வீடுகள்தான். மோட்டார் உள்ளவர்களுக்குத்தான் காம்பவுண்டின் மேல் அக்கறை இருக்கும், மற்றவர்கள் இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர்கள் என்று பாக்கியநாதன் விளக்கினார், அதைக் கேட்டபோது ஏதோ நியாயம்போலத்தான் இருந்தது. ஒரு கக்கூஸ் மோட்டார் வீடுகளுக்கு என்றானது, மற்றது மீதி ஆறு வீட்டுக்கும். விளக்குமாறு அவர் வாசலிலேயே தூசி படிந்து நின்றது. மற்ற வீட்டுப் பெண்கள் தத்தம் வீட்டு விளக்குமாற்றைக் கொண்டுவந்து அவருக்காகப் பெருக்கினார்கள். இன்னாசிமுத்து வரிசையில் நின்றார். முன்னால் நிற்கிற ஹவில்தார் மனைவி, "நீங்க போங்கண்ணே," என்று விட்டுக்கொடுப்பாள், அவளுக்கு முன்னால் நிற்கிறவன் விடமாட்டான். இன்னாசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு வேப்ப மர இலைகளை எண்ணுவார்.

பிறகு ஆறு வீடும் ஒருநாள் பானை பானையாகக் கொதித்தது. செசிலிதான் அதில் முதல் கொதி. "மோட்டார் ஓடுறதால மூத்திரம் பெருசாயிருமா பாக்கியநாதண்ணே?" என்று அவள் நடு முற்றத்தில் நின்று கேட்டது அந்தத் தெரு முழுக்கப் பேசப்பட்டது. அதிலிருந்து விளக்குமாற்றுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் ஒரு வாசல், மத்தியானம் ஒரு வாசல், சில நாள் முற்றத்தில் யார் வாசலுக்கும் இல்லாமல் ஆடிக்கொண்டே நின்றது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எல்லாரும் ஒன்று, குழந்தைகள் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன, கோழிகள் கட்டில் மேல் ஏறின, தெரு நாய்கள்கூட ஒதுங்காமல் நடந்தன. தினமும் சாயங்காலம் கூட்டம், கூட்டத்தில் ஆளுக்கொரு நியாயம், ஒவ்வொரு நியாயத்துக்கும் கைதட்டல். பெருக்கத்தான் ஆளில்லை. இன்றைக்கு என் வாசலில் இருப்பது நாளைக்கு உன் வாசலுக்கு வரப்போகிறது, நீ பெருக்கிக்கொள் என்று எட்டு வீடும் சொன்னது. இரண்டு கக்கூஸும் எல்லாருக்கும் திறந்திருந்தன, மூக்கைப் பிடித்துக்கொண்டுகூட உள்ளே போக முடியாதபடி. ஒரு காலையில் இன்னாசிமுத்து உள்ளே வழுக்கி விழுந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் சகாயராஜ். கடைசி வீடு, செல்போன் ரிப்பேர்க் கடை, முப்பது வயது, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவரை முதுகில் சுமந்து வந்து திண்டில் உட்காரவைத்து, தானே பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து, கால்சட்டையை மடித்துக்கொண்டு இரண்டு கக்கூஸையும் கழுவினான். "என்ன அத்தை, இத்தனை பேர் இருக்கோம், ஒரு பெரிய மனுஷன் இப்படியா விழணும்," என்று கண் கலங்கினான். அது நடிப்பில்லை, அதுதான் அதிலுள்ள பயங்கரம்.

அன்றைய கூட்டத்தில் செசிலி எழுந்தாள். "பேசிப்பேசி வாய்தான் நாறுது. எல்லாத்தையும் சகாயராஜ்கிட்ட விடுங்க. ஒருத்தனாவது ஒழுங்கா செய்வான்." எல்லாரும் கைதட்டினார்கள், பாக்கியநாதனைத் தவிர. மறுநாள் விளக்குமாறு கடைசி வீட்டு வாசலில் நின்றது, நகரவே இல்லை.

முதலில் பூந்தி கொடுத்தான். பிறகு பாக்கியநாதன் மோட்டார் வயரை அறுத்தான், ஆறு வீடும் விசிலடித்தது. பிறகு வெளியாட்கள் வந்து அசிங்கம் பண்ணுகிறார்கள் என்று இரண்டு கக்கூஸுக்கும் பூட்டுப் போட்டான். திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம். சாவி அவன் இடுப்பில். கேட்டால் கொடுத்தான், பிறகு யோசித்துக் கொடுத்தான், பிறகு காலையில் ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு என்று அட்டையில் எழுதி மாட்டினான். முறைவாசலுக்கு எதிராக யாரோ சதி செய்கிறார்கள் என்று அவனுக்குத் தகவல் வந்தது, யாரிடமிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை, அவரவர் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டார்கள். தன்னைத் தவிர வேறு யாரும் பெருக்கினால் ஆட்சி போய்விடும் என்று அவன் தலைக்குள் எப்படியோ ஏறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆட்கள் போயிருந்தபோது வீடு வீடாகப் புகுந்து எல்லா விளக்குமாறுகளையும் எடுத்துப்போய்த் தன் கட்டிலடியில் அடுக்கிக்கொண்டான். அவன் பெண்டாட்டி ரோஸ்லின் தரையில் படுத்தாள். பெருக்கினானா என்றால், அதுவும் இல்லை. வேப்பிலையும் கோழிப்பீயும் பால் பாக்கெட்டும் முற்றத்தில் மெத்தை மெத்தையாக ஏறின.

அந்த நாட்களில் அவன் வாசலில் நின்ற விளக்குமாற்றின் கம்பு வளையத் தொடங்கியது. முதலில் வயசாளி முதுகுபோல, பிறகு அரிவாள்போல. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பார்க்காததுபோலக் கடந்து போனார்கள். இன்னாசிமுத்து மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்து, "செங்கோலும்பான், கொடுங்கோலும்பான். எழுத்துல படிச்சதுதான், விளக்குமாத்துல இப்பத்தான் பாக்குறேன்," என்றார்.

"சிரிக்காதீங்க. அடக்கிட்டு இருக்கும்போது சிரிக்கக் கூடாது."

அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. செசிலி வீட்டுக்குள் வாளி வைத்தாள். அவர் மாட்டேன் என்றார். சமைக்கிற அறையும் படுக்கிற அறையும் ஒன்றாக இருக்கிற வீட்டில், மாதா படத்துக்கு எதிரில், மனுஷன் வாளியில் உட்கார்வதா என்றார். முப்பத்தைந்து வருஷம் காக்கிச் சட்டையில் கஞ்சி மொடமொடக்க நின்றவர். செசிலி அழுதாள், திட்டினாள், இரண்டும் ஒரே மூச்சில். பிறகு அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், அட்டையில் இல்லாத நேரத்தில், குப்பைக்குள் கால் புதையப் புதைய நடந்தார்.

சகாயராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கனகவல்லி போட்ட அதே நாற்காலி.

"மாமா, மணி பதினொண்ணு."

"தெரியும்ப்பா. நான் டைம்கீப்பர். சாவிய கொடு."

"உங்களுக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும். சட்டம்னா சட்டம்தான மாமா. நீங்கதான அத்தைகிட்ட சொல்லுவீங்க, டைம்னா டைம்னு."

எட்டு வீட்டுக் கதவும் திறந்திருந்தது, எட்டு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னாசிமுத்து நின்றார். கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றார். பிறகு அவருடைய வேட்டியின் முன்பக்கம் மெதுவாக நிறம் மாறியது, கணுக்கால் வழியாக இறங்கி, குப்பைக்குள் ஒரு சின்ன வட்டமாகப் பரவியது. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூட வேண்டியது முகத்தை என்று நினைத்தார்.

செசிலி அவரைக் கூட்டி வந்து, வேட்டி மாற்றி, சுவரைப் பார்த்துப் படுக்கவைத்தாள். பிறகு சேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, சகாயராஜ் கண்ணில் படாமல் அவள் ஒளித்துவைத்திருந்த பூந்துடைப்பத்தை எடுத்தாள். தரை பெருக்கக்கூடச் சோப்ளாங்கியான, ஒட்டடை தட்டுகிற புல் துடைப்பம். ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நடு முற்றத்துக்குப் போனாள்.

அவளுடைய எண்ணம் புரட்சி இல்லை. புருஷன் நனைத்த இடத்தை நாலு பேர் மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த வட்டத்தைக் கழுவினாள். கழுவிய இடத்தைச் சுற்றி இருந்த அழுக்கு இப்போது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் தள்ளினாள். அதைத் தள்ளியதும் அதற்கு அடுத்தது. குனிந்த தலை நிமிராமல், வேப்ப மரத்தடி, கனகவல்லி வாசல், மோட்டார் மேடை, பேர் எழுதின கதவு என்று, புல் உதிர உதிர, அவள் பெருக்கிக்கொண்டே போனாள். பெருக்கப் பெருக்க அவளுக்கு சிஸ்டர் சொல்லாத பதில் கிடைத்தது: கடைசிப் படிக்குக் கீழே வாசல்தான் இருக்கிறது, வேறென்ன இருக்கும், யாராவது பெருக்கித்தான் ஆக வேண்டும். அந்த விளக்குமாறு ஒரு நாளும் ராஜாவைத் தேடி அலையவில்லை, இன்றைக்குப் பெருக்குகிற ஆளைத்தான் தேடியது. அதைக் கிரீடம் என்று நினைத்துக்கொண்டது நாங்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் கோபம் இன்னும் கூடிற்று.

சகாயராஜின் செருப்பு அவள் கண்முன் வந்து நின்றது.

"அத்தை, இது எங்க இருந்துச்சு?"

"சேசுவுக்குப் பின்னால."

"தப்பு அத்தை இது."

"தப்புதான். தள்ளி நில்லு, கால்ல அழுக்குத் தண்ணி படும்."

அவன் தன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். வளைந்து வளைந்து தன் காலையே தொட்டுவிட்டிருந்த விளக்குமாறு, காய்ந்த ஓலை விழுகிற சத்தத்தோடு சாய்ந்தது. ஓடிப்போய் எடுக்கப் பார்த்தான். ஒற்றைக் கையால் இழுத்தான், இரண்டு கையால் இழுத்தான்; அது வரவில்லை. அதற்குப் பிறகு அங்கே நின்றது செல்போன் ரிப்பேர் பண்ணுகிற ஒரு ஒல்லியான பையன்தான், கன்னத்துக் குழிகூட இல்லை. செசிலி கையை நீட்டினாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தான்.

அவள் இரண்டு பூட்டையும் திறந்து, உள்ளே கழுவி, வீட்டுக்குப் போய்ப் புருஷனை எழுப்பினாள். "வாங்க. நிமிர்ந்து வாங்க." இன்னாசிமுத்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரமான சுத்தமான முற்றத்தில் யாரையும் பார்க்காமல் நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற கொஞ்ச நேரம்தான் செசிலிக்கு அந்த வருஷத்தில் நிம்மதி.

திரும்பியபோது அவள் வாசலில் பூந்துடைப்பம் நின்றுகொண்டிருந்தது. சுவரில் சாய்த்தால்கூடச் சரிந்து விழுகிற துடைப்பம், புல்லெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, நேராக.

ஒருவர் பின் ஒருவராக வந்து முற்றத்தின் ஓரத்தில் நின்றார்கள். வேலுச்சாமி குதிகாலைச் சேர்த்து வைத்துக்கொண்டார். பாக்கியநாதன் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார். பேசியது கனகவல்லி, பேசவே பேசாத கனகவல்லி: "சாவி இனிமே யாருகிட்டக்கா இருக்கட்டும்?"

எங்கிட்டயே இருக்கட்டும், இவருக்கு அவசரத்துக்கு வேணும். அவ்வளவு எளிதான, அவ்வளவு நியாயமான பதில், நாக்கு நுனிவரை வந்து நின்றது. சகாயராஜும் அவரை முதுகில் சுமந்துகொண்டுதான் ஆரம்பித்தான். செசிலி சாவியைப் பக்கத்துக் கக்கூஸ் குழிக்குள் போட்டு, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினாள்.

"நல்லதுக்கா," என்றார்கள் எல்லாரும், ஒரே குரலில். "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

"அடுத்து என்ன செய்யணும்னு சொல்லுங்க மதினி," என்றார் பாக்கியநாதன்.

"நீங்களே சொல்லுங்க அத்தை," என்றான் சகாயராஜ்.

கடைசிப் படிக்குக் கீழே வாசல் என்று கண்டுபிடித்தவளுக்கு, வாசலில் நின்று பார்த்தால் முதல் படி அங்கேயிருந்துதான் ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளேயிருந்து இன்னாசிமுத்து குரல் கொடுத்தார்: "செசிலி, வெளிய ஆள் இருக்கா இல்லையா? ஏன் ஒரு சத்தத்தையும் காணோம்?"

எட்டு வீட்டு ஆட்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செசிலி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தன் நாக்கைக் கண்டு பயந்தாள்.